மைனியின் மீன்கடைக்கு ஒரு கூரைத் துணி

மாசி கடைசியில் ஒரு மதியம், மூன்று மணி இருக்கும், மைனியின் மீன்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தை ஊரில் சாலையோரம் நான்கு கம்பு நட்டு, மேலே நீல நிறப் பாலிதீன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிய கடை. வெயில் நேராகத் தலையில் படவில்லை. ஆனாலும் உச்சந்தலையும் தோளும் காந்தின. எழுந்து தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். காலையில் உடைத்துப் போட்ட ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டது. நெய்மீன் துண்டங்களின் மேல் இருந்த பளபளப்பு மங்கத் தொடங்கியிருந்தது.

"மழைக்கு இது ஒழுகவில்லை தம்பி. வெயிலுக்குத்தான் உலைமூடிக்குக் கீழே இருப்பது போல இருக்கிறது. உன் கடையில் எத்தனையோ துணி கிடக்கிறதே, மழையும் இறங்காமல் சூடும் இறங்காமல் ஒன்று தைத்துத் தர முடியாதா?" என்று மைனி கேட்டார்.

நான் பை, ரெக்சின் உறை, வண்டித் தார்ப்பாய் தைப்பவன். துணிக்கு மேல் எதையாவது பூசினால் முடிந்துவிடும் என்றுதான் அன்று நினைத்தேன். மாசியில் தொடங்கிய வேலை ஐப்பசியில்தான் ஒரு நிலைக்கு வந்தது. இடையில் எது ஏன் கெட்டது, எது ஏன் நின்றது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கடலோரத்தில் கடை வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

துணியிலிருந்து தொடங்குகிறேன். நாகர்கோவிலில் வாங்கியது கெட்டியான பருத்திக் கேன்வாஸ், சதுர மீட்டருக்கு 340 கிராம் எடை. புதுக் கேன்வாஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது கொஞ்ச நேரம் முத்துப் போல நிற்கும். அதை நம்பக் கூடாது. நெசவுக்காகப் பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஏற்றிய கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் சேர்ந்து செய்கிற வேலை அது. அவை இருக்கும்வரை நாம் பூசுவது எதுவும் இழைக்குள் இறங்காது. ஆகவே அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, சலவைச் சோடா போட்டு, துணியை அரை மணி நேரம் வேகவைத்து, மூன்று தண்ணீரில் அலசினேன். முதல் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இறங்கியது. காய்ந்த பிறகு சொட்டு விட்டால், விழுந்த இடத்திலேயே மறைந்தது. அந்தச் சொட்டு மறைகிற வேகம்தான் துணி தயார் என்பதற்கு அடையாளம். இன்னொன்று: வேகவைத்ததில் 12 அடித் துணி 7 அங்குலம் சுருங்கியது. வெட்டித் தைத்த பிறகு இதைச் செய்திருந்தால் கூரை குட்டையாகியிருக்கும்.

முதலில் செய்து பார்த்தது சோப்பும் படிகாரமும். வீட்டுப் பொருட்களிலேயே முடியும் பழைய முறை. சோப்புக் கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, பாதி காய்ந்ததும் படிகாரக் கரைசலில் முக்க வேண்டும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு, நீரில் கரையும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் அந்தச் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் அது அலுமினியச் சோப்பாகிறது. நீரில் கரையாமல் இழைக்குள்ளேயே மெழுகுப் பொடியாகப் படிந்துவிடுகிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். நுரை வராமல், வாளி ஓரத்தில் வெள்ளைப் பிசுக்காக ஒட்டும் அல்லவா? அங்கே கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலையை இங்கே அலுமினியத்தைக் கொண்டு வேண்டுமென்றே துணிக்குள் செய்கிறோம்.

என் முதல் முயற்சியில் ஒன்றுமே நடக்கவில்லை. துணி முன்னைவிட வேகமாகத் தண்ணீரைக் குடித்தது. ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. நான் கரைத்தது நீலச் சலவைக் கட்டி. அது சோப்பு அல்ல, டிடெர்ஜென்ட். உப்புத் தண்ணீரிலும் பிசுக்காகாமல் நுரைக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள், படிகாரத்துக்கு மட்டும் மசியுமா? அடுத்த முறை உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று அச்சிட்ட குளியல் சோப்பை வாங்கினேன். அந்த எண் சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தின் அளவு. 100 கிராம் சோப்பைச் சீவி 2 லிட்டர் வெந்நீரில் கரைத்தேன்; வேறொரு வாளியில் 2 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் படிகாரம். சோப்பில் ஊறிய துணியைப் படிகாரத் தண்ணீரில் இறக்கியதும் தண்ணீர் பால் போலத் திரிந்தது. விரலுக்கிடையில் துணி வழுக்குவது நின்று, லேசாகக் கரகரத்தது. அந்தக் கரகரப்பு தெரிந்தால் போதும்.

காய்ந்த துண்டைச் சோதிக்க ஒரு சட்டம் செய்துகொண்டேன். துணி ஆலைகளில் தெறிப்புச் சோதனைக்கு வைத்திருக்கும் அளவுகளையே எடுத்துக்கொண்டேன்: துணி 45 பாகை சாய்வில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லி தண்ணீர் அரை நிமிடத்துக்குள் பூவாளித் தலை வழியாக விழும். புனலில் பூவாளித் தலையைச் செருகிக்கொண்டேன். தண்ணீர் விழுந்தது, உருண்டது, சட்டத்தைத் தட்டியதும் துணியில் நாலைந்து சிறு துளிகளே மிஞ்சின. ஒரு துளியை லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். துளி துணியின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிர்களின் நுனியில் தங்கியிருந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடை ஓரத்தில் நிற்கும் சேம்பிலையிலும் தோவாளைச் சந்தைக்குப் பூப் பறிக்கும் குளத்துத் தாமரை இலையிலும் இதுதான் நடக்கிறது. அந்த இலைகளில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால் நீருக்கு ஊன்றிக்கொள்ள இடமில்லை.

ஆனால் அந்தத் துணியின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டதும், தொட்ட இடத்தில் கசிந்தது. அலுமினியச் சோப்பு இழையைத்தான் மூடுகிறது. நூலுக்கு நூல் உள்ள ஓட்டை திறந்தே இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அந்த ஓட்டையில் ஒரு தோல் போல நின்று தாங்குகிறது. விரல் பட்டாலோ காற்று உந்தினாலோ அந்தத் தோல் உடைந்துவிடும். இதை அளக்க ஒரு பி.வி.சி. குழாயின் வாயில் துணியைக் கட்டி, மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். 19 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியபோது துணியின் அடியில் மூன்று இடங்களில் சொட்டு வந்தது. நீர் ஒட்டாத துணி வேறு, நீர் புகாத துணி வேறு என்பதை அந்தக் குழாய் காட்டியது. ஆனி மாதம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு வரும் சாரலுக்கு 19 சென்டிமீட்டர் போதாது. அதோடு மிச்சப் படிகாரம் அமிலத்தன்மை உள்ளது; அலசாமல் விட்டால் பருத்தி இழை நாளாக நாளாக இற்றுப்போகும். இந்தத் துண்டை எடுத்து வைத்தேன். பிறகு அதற்கு ஒரு வேலை வந்தது.

அடுத்து தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேன்கூடு வைத்திருப்பவரிடம் அரைக் கிலோ வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிப் பூசினேன். நீர் புகவே இல்லை. ஆனால் தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசுக்குள் உருகும் பொருள்; அதற்கு வெகு முன்பே இளகும். சித்திரை வெயிலில் துணி பிசுபிசுத்து, சாலைப் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. தீப்பிடித்தால் திரி போல எரியும் என்பது அதைவிடப் பெரிய குறை.

ரப்பர் பாலைப் பூசிப் பார்க்காமல் இந்த மாவட்டத்தில் ஒருவர் இந்த வேலையைச் செய்ய முடியுமா? குலசேகரத்தில் பால் வெட்டும் உறவினர் ஒருவர் ஒரு கேன் நிறையத் தந்தார். இரண்டு கைப் பூசினேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் மடித்து வைத்ததைப் பிரிக்க முடியவில்லை. துணியோடு துணி ஒட்டிக்கொண்டது. 1823-இல் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவில் ரப்பரை வைத்து மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் துணியும் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அதை என் கடை வாசலில் செய்ய வழியில்லை.

கடைசியில் கைகொடுத்தது சிலிக்கோன். கண்ணாடி, குளியலறை இடுக்குகளில் பூசுகிற, புளித்த காடி வாசனை அடிக்கும் சாதாரணக் குழாய்ச் சிலிக்கோன்தான். அது மினரல் டர்பன்டைனில் கரைந்து இளகும். பெயிண்ட் கடையில் தின்னர் என்று பொதுவாகக் கேட்டால் வேறெதையாவது தருவார்கள். மினரல் டர்பன்டைன் என்றே கேட்க வேண்டும். மூடியுள்ள வாளியில் முதலில் கொஞ்சம் டர்பன்டைன் விட்டுக் குழைத்து, கூழ் போல ஆன பிறகு மீதியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் கட்டி தட்டாது. மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றினால் சிலிக்கோன் கோழி ஈரல் போலத் துண்டு துண்டாக மிதக்கும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. இந்த வேலையைத் திறந்த வெளியில், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். டர்பன்டைன் ஆவி எளிதில் பற்றும். இன்னொரு வசதியும் உண்டு: இந்தச் சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. மற்றப் பூச்சு வேலைக்கெல்லாம் பகையான நம் கடற்காற்று இதற்கு மட்டும் துணை நிற்கிறது. குழாய்ச் சோதனையில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றும் சொட்டு வரவில்லை. அதற்கு மேல் என்னிடம் குழாய் இல்லை.

விலையுயர்ந்த மழைக்கோட்டுகளில் எண்ணெயும் ஒட்டாத ஃபுளோரின் பூச்சு இருக்கிறது, அது கிடைக்குமா பார் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருட்களில் பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும், சிதையாத நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியவை. மண்ணிலும் நீரிலும் உடலிலும் சிதையாமல் தங்குபவை. இப்போது விற்பது வேறு வகை என்று சொல்வார்கள். உண்ணும் மீனுக்கு மேலே கட்டப்போகும் துணியில் அந்தக் குடும்பத்தின் எதையும் பூச எனக்கு மனமில்லை.

மழைக்கு வழி கிடைத்தது. சூடு மிச்சம் இருந்தது. ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் துப்பாக்கி வடிவ வெப்பமானியை இரவல் வாங்கினேன். மொட்டை மாடியில் துண்டுகளை வரிசையாகக் கட்டி, சித்திரை மதியம் இரண்டரை மணிக்கு ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் அளந்தேன். நிழலில் காற்று 33 பாகை. நீலத் தார்ப்பாய் 54. தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுகிற அலுமினியக் குமிழித் தாள் 35 என்று காட்டியது. இதுதான் நமக்கு வேண்டியது என்று மகிழ்ந்து தொட்டேன், சுட்டது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. அந்த வெப்பமானியோ கதிரைப் பார்த்துத்தான் அளவு சொல்கிறது. ஆக அது படித்தது தாளின் சூட்டை அல்ல, தாளில் எதிரொளித்த தரையின் சூட்டை. அடிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஐந்து நிமிடம் கழித்து அந்த டேப்பைக் குறிபார்த்தேன்: 47. கதிர் குறைவாக விடும் குணத்தால் அந்தத் தாளுக்கு அடியில் இருப்பவருக்கு உறைப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் உப்புக்காற்றில் அது மங்கி அரித்துப்போகும். சாலையில் வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணில் பளீரென்று அடிக்கும். விட்டுவிட்டேன்.

பெயிண்ட் கடையில் வெப்பத் தடுப்புப் பூச்சு என்று ஒரு வாளியை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே காற்றடைத்த நுண்ணிய கண்ணாடி மணிகள் இருப்பதாகவும், ஒரு கை பூசினால் சூடே இறங்காது என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். துணியின் மேல் பூச்சு அதிகம் போனால் 0.3 மில்லிமீட்டர் கனம் நிற்கும். அந்தப் பூச்சு முழுவதுமே அசையாத காற்றாக இருந்தால்கூட, 25 மில்லிமீட்டர் பஞ்சு தரும் தடுப்பில் ஐம்பதில் ஒரு பங்குதான் வரும். சூட்டைத் தடுக்கக் கனம் வேண்டும். மெல்லிய பூச்சால் கனத்தைத் தர முடியாது. அது செய்யக்கூடியது வேறொன்று: வெயிலை உள்ளே வாங்காமல் திருப்பி அனுப்புவது. அதற்குக் கண்ணாடி மணி தேவையில்லை, நல்ல வெள்ளை போதும். இதை விளங்கிக்கொண்ட நாளிலிருந்துதான் என் வேலை நேரானது.

அந்த வெள்ளையின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. சின்ன வயதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மதிய வேளையில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். அங்கே மணல் கறுப்பு, பாதம் பொரிந்துவிடும். அந்தக் கறுப்புக்குக் காரணம் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். அங்குள்ள ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலையில் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் கொல்லத்துக்கு அருகே சவராவிலும் இல்மனைட்டிலிருந்து வெண்ணிறமி எடுக்கும் ஆலைகள் உண்டு. வெயிலை முழுக்கக் குடித்துக் காலைச் சுட்ட அதே மணலுக்குள்தான் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. இந்தத் தூளில் இரண்டு வகை உண்டு: அனட்டேஸ், ரூட்டைல். வெளியில் வெயிலில் நிற்கும் பூச்சுக்கு ரூட்டைல்தான் வேண்டும். அது ஒளியை அதிகமாக வளைத்துச் சிதறடிக்கும். அனட்டேஸ் வெயில் பட்டால் தன்னைப் பிடித்திருக்கும் பசையையே மெல்லச் சிதைத்து, தொட்டால் சுண்ணாம்பு போலக் கையில் வரும்.

இந்த இடத்தில் ஒரு பிழை செய்தேன். சிலிக்கோன் பூசி இறுகிய துணியின் மேல் வெள்ளை அக்ரிலிக் பெயிண்டை இரண்டு கை அடித்தேன். காய்ந்த அன்று கண்ணைப் பறிக்கும் வெண்மை. நான்காம் நாள் ஒரு மூலையை மடக்கினேன். வாழைப்பட்டை உரிவது போல ஒரே தாளாகப் பெயிண்ட் உரிந்து வந்தது. சிலிக்கோனின் மேல் சிலிக்கோனைத் தவிர எதுவும் ஒட்டாது. நீரை ஒட்டவிடாத குணத்தை வேண்டும் என்று கேட்டு வாங்கியது நான்தானே, அது பெயிண்டை மட்டும் எப்படி ஒட்டவிடும்? ஆகவே வெள்ளையைச் சிலிக்கோனுக்குள்ளேயே கலப்பது என்று முடிவு செய்தேன்.

மேல்துணி 12 அடிக்கு 8 அடி. அதற்கு 280 மில்லி வெள்ளைச் சிலிக்கோன் குழாய் இரண்டு, டர்பன்டைன் மூன்றரை லிட்டர், ரூட்டைல் தூள் 150 கிராம். தூளை முதலில் கொஞ்சம் டர்பன்டைனில் குழைத்து, பழைய நைலான் துணியில் வடிகட்டிச் சேர்த்தேன். ஒவ்வொரு முறை தூரிகையை முக்குவதற்கு முன்பும் வாளியின் அடியைக் கலக்க வேண்டும்; டைட்டானியம் கனமான தூள், அடியில் தங்கிவிடும். தூள் கூடினால் வெண்மை கூடும், ஆனால் பூச்சு வெடிக்கும், நீரும் ஒட்டத் தொடங்கும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 மில்லி குடித்தது துணி. இரண்டு நாள் விட்டு, மேலே நிறமில்லாத சிலிக்கோன் ஒரு குழாயை 2 லிட்டரில் கரைத்து மெல்லியதாக ஒரு கை. காடி வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை துணியை மீன் பக்கம் கொண்டுபோகவில்லை.

தையல் எல்லாம் பூச்சுக்கு முன்பே முடித்தது. இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இரட்டைத் தையல். மடிப்பின் வாய் சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தேன், இல்லையென்றால் ஓடிவரும் நீர் மடிப்புக்குள் புகும். நூலுக்குப் பாலியஸ்டர் நடுவும் பருத்தி மேலுறையும் கொண்டதைத் தேடி வாங்கினேன். நனைந்தால் பருத்தி உப்பி ஊசித் துளையை அடைக்கும். பாலியஸ்டர் வெயிலில் இற்றுப்போகாமல் தாங்கும். ஐலெட், அதாவது கயிறு கோக்கும் துளை வளையம், எல்லாம் பித்தளை. இரும்பு ஐலெட் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. துருக்கறை துணியைத் தின்றுவிடும்.

கனம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதைக் காற்றைக் கொண்டே வாங்கினேன். மேல்துணிக்கு நான்கு அங்குலம் கீழே மெல்லிய வெள்ளைக் காடா ஒன்றைத் தனிக் கயிற்றில் கட்டினேன். முதலில் எடுத்து வைத்த சோப்பு-படிகார முறைதான் இதற்கு: மழை இதன்மேல் நேராக விழப்போவதில்லை, தெறிக்கும் சாரலைத் தாங்கினால் போதும், காற்றும் உள்ளே போய்வர வேண்டும். இரு துணிக்கும் நடுவே இருபுறமும் திறந்திருப்பதால் சூடான காற்று தங்காமல் வெளியேறுகிறது. மாடியில் வைத்துப் பார்த்தபோது, வெள்ளைக் கேன்வாஸ் தனியாக 41 பாகை, அடியில் காடா கட்டிய பிறகு அந்தக் காடாவின் அடிப்பக்கம் 36. நீலத் தார்ப்பாயின் 54 எங்கே, இது எங்கே! வைகாசி நடுவில் கடையில் கட்டினோம். அன்று மதியம் மைனி பேசாமல் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையை எடுத்துத் தலையிலிருந்து தோளுக்கு இறக்கிவிட்டார்.

ஆனிச் சாரல் வந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் போகக் கூடாது. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளங்களில் வருவதுதான் மீன். வரத்துக் குறைவு, விலை ஏற்றம். கெட்டுப்போகும் ஒவ்வொரு மீனும் வலிக்கும் காலம். முதல் பெருமழைக்கு நான் கடையிலேயே நின்றேன். துணியின் நடுப்பகுதி ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் தண்ணீர் வந்தது. ஒன்று, கிழக்கு ஓரம் தொய்ந்து அங்கே குடம் தண்ணீர் தேங்கியது. கயிற்றை ஒரு சாண் இறக்கிக் கட்டிச் சரிவைக் கூட்டியதும் சரியாயிற்று. மற்றது எனக்குப் புதிய பாடம். துணி ஒழுகவில்லை, தையலும் ஒழுகவில்லை, ஆனால் தராசுக்கு மேலே சொட்டிக்கொண்டே இருந்தது. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தேன். மூலையில் கட்டிய பருத்தி நாடா வெளியே நனைந்து, அந்த ஈரம் இழை இழையாக உள்ளே நடந்து வந்து, நாடாவின் முடிச்சில் திரண்டு, ஒரு கனம் தயங்கி, விழுந்துகொண்டிருந்தது. பூச்சு படாத ஒரு முழ நாடா! எல்லா நாடாவையும் சிலிக்கோனில் ஊறவைத்துக் கட்டினேன். கயிறு துணியைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்பே கயிற்றில் ஒரு தொங்கல் விட்டேன். நீர் அந்தத் தொங்கலின் அடியில் சேர்ந்து வெளியே சொட்டிவிடுகிறது.

மழை நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். ஐஸ் பெட்டியின் மேல் மைனி போட்டிருந்த சணல் சாக்கு நனைந்து கிடந்தது. வெயிலும் இல்லை, ஆனாலும் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கு குளிர்ச்சி என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. வறண்ட ஊரில் அது சரி. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்லும். நம் கடற்கரையில் மழைக்காலத்தில் காற்றே ஈரம். சாக்கிலுள்ள நீர் எங்கே ஆவியாகும்? இழைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய காற்றின் இடத்தில் நீர் ஏறிவிடுகிறது; நீர் காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சாக்கு, ஐஸுக்கும் வெளிச்சூட்டுக்கும் நடுவே போட்ட பாலம். இத்தனை நாளும் மழையை நிறுத்துவது ஒரு வேலை, சூட்டை நிறுத்துவது வேறொரு வேலை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நனையாமல் வைத்திருந்தால்தான் துணிக்குச் சூட்டைத் தடுக்கும் சக்தியே மிஞ்சும் என்பது அந்தச் சாக்கைத் தூக்கிப் பிழிந்தபோது கையில் தெரிந்தது.

பெட்டிக்கு ஒரு மெத்தை தைத்தேன். உள்ளே இலவம் பஞ்சு. இலவு காத்த கிளி என்று ஏமாற்றத்துக்கு உவமை சொல்கிறோம். எனக்கு அந்த இலவுதான் கைகொடுத்தது. அந்த இழை உள்ளே குழாய் போலக் காலியானது, முழுக்கக் காற்று; மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு. முன்னாளில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அதைத்தான் அடைத்தார்கள். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் அமுக்கி விட்டேன். மேலே வந்து மிதந்தது, பிரித்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்திருந்தது. மனிதர் பூச்சுப் பூசிச் செய்ய நினைக்கும் இரண்டையும் ஒரு மரம் காயிலேயே செய்து வைத்திருக்கிறது. ஒரு அங்குலக் கனம், வெளியுறை வெள்ளைச் சிலிக்கோன் கேன்வாஸ், சதுரம் சதுரமாகத் தைக்காமல் ஓரத்தில் மட்டும் தையல். நடுவில் ஊசி போட்ட இடமெல்லாம் பஞ்சு நசுங்கிச் சூடு இறங்கும் வழியாகிவிடும், நீருக்கும் வாசலாகும்.

ஒரே அளவு அலுமினியப் பாத்திரம் மூன்று, ஒவ்வொன்றிலும் 2 கிலோ ஐஸ், கடை நிழலில் இரண்டு மணி நேரம். மூடாத பாத்திரத்தில் 1,200 மில்லி உருகியது. ஈரச் சாக்கு சுற்றியதில் 900. பஞ்சு மெத்தை சுற்றி, வேண்டுமென்றே மேலே ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றியதில் 350. மைனி மூன்று அளவுக் குவளையையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, சாக்கை எடுத்து மடித்துத் தராசுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் ஒரு நாள் துணி கெட்டுவிட்டது என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் மெத்தையுறையில் தண்ணீர் உருளாமல் பரவி ஊறிக்கொண்டிருந்தது. மீன் வாடை போக மைனி சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துத் துவைத்திருக்கிறார். நீரையும் எண்ணெயையும் சேர்த்து வைப்பதுதான் சோப்புத் தூளின் தொழில். அலசிய பிறகும் துணியில் மிஞ்சும் கொஞ்சம், நீரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்துவிடும். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் ஆறு முறை அலசி வெயிலில் போட்டேன். மறுநாள் துளி மறுபடி உருண்டது. கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்பு. காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை மேல்துணியில் இரண்டு வாளி நல்ல தண்ணீரை ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறேன், செய்கிறார். மீன் எண்ணெய் பட்டால் சிலிக்கோனில் கறை நிற்கத்தான் செய்யும். அதை உடனே ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர வழியில்லை.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரும் இதேபோல ஒன்று கேட்டார். அடுப்புக்கு மேலே இந்தத் துணியைக் கட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பருத்தி பருத்திதான், மேலே எதைப் பூசினாலும் தீ பட்டால் எரியும். அவருக்குத் தகரமே நல்லது, வேண்டுமானால் தகரத்தின் மேல் வெள்ளை அடித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழை முடிந்ததும் துணியைக் கழற்றி விரித்துப் பார்த்தேன். நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. தென்மேற்கு மூலையில் மட்டும், கயிறு உரசிய இடத்தில் ஒரு கையகலம் பூச்சு தேய்ந்து நூல் வெளியே தெரிகிறது. சொட்டு விட்டால் அங்கே மட்டும் மறைகிறது. அதே கேன்வாஸில் ஒரு ஒட்டு, இந்த முறை கயிறு படும் இடத்தில் பழைய ரெக்சின் ஒரு பட்டையும் சேர்த்து. பழைய பூச்சின் மேல் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு, கரைக்காத கெட்டிச் சிலிக்கோனையே பசையாக வைத்து ஒட்டியிருக்கிறேன்.

மீன் வாங்க நிற்கிறவர்கள் நனைகிறார்கள், முன்பக்கம் இன்னும் இரண்டு அடி நீட்டித் தர வேண்டும் என்று மைனி கேட்டிருக்கிறார். அதற்கான கேன்வாஸை நேற்றிரவே சோடாவில் வேகவைத்துவிட்டேன். இன்னும் கொடியில் கிடக்கிறது. காய்ந்ததும் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.